ஊரார் தகப்பன்

மொன்ட்ரியால்
9.3.1986

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சிவானந்தம் எழுதுவது. நான் சுகம். நீங்களும் அத்தானும் பிள்ளைகளும், எல்லோருக்கும் மேலாக அம்மாவும் சுகமாக இருக்க மாமாங்கப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன்.

நல்ல செய்தி ஒன்று. என் வழக்கு முடிந்துவிட்டது. என்னை அகதியென்று ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஊரில் ஒருவனை அகதி என்று சொன்னால் அடிக்க வருவான். இங்கே அந்தப் பெயர் கிடைத்ததற்கு நாங்கள் கேசரி கிண்டிச் சாப்பிட்டோம். கிண்டியது கீழ் வீட்டு அஞ்சலீனா, நம் கல்லடி அக்னெஸ் மாமியின் மகள். அவளும் புருஷன் சூசைப்பிள்ளையும் என்னைக் கூடப்பிறந்தவன் போலத்தான் பார்க்கிறார்கள்.

வேலை அதே வேலைதான். நாங்கள் இருக்கும் பகுதியில் முக்கால்வாசிப் பேர் கிரேக்கர்கள். அவர்களில் நிக்கோ என்பவனுடைய சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறேன். நிக்கோ எதையும் சத்தம் போட்டுத்தான் சொல்வான். அவன் குசினிக்குள் வந்தால் என் கை தானாக விரைவாகக் கழுவும். அவனுடைய தகப்பன் கொஸ்தாஸ் கிழவர் வேறு மாதிரி. சீனி வியாதியில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சக்கர நாற்காலியில் என் பக்கத்தில் வந்து இருந்துகொண்டு தன் ஊர்க் கதை சொல்வார். எனக்குப் பாதி விளங்காது. ஆனாலும் கக்கூசுக்குப் போக மகனைக் கூப்பிடமாட்டார், என்னைத்தான் கூப்பிடுவார்.

அம்மாவின் கால் புண் எப்படி இருக்கிறது? அதை மட்டும் மறைக்காமல் எழுதுங்கள்.

அன்புத் தம்பி,
சிவானந்தம்

•

கல்லடி, மட்டக்களப்பு
2.4.1986

அன்புத் தம்பி சிவாவுக்கு,

அக்கா புஷ்பவதி எழுதுவது. உன் கடிதம் கண்டு வீடே சிரித்தது. இங்கு நாங்கள் உயிரோடு இருக்கிறோம், அதுவே இப்போது சுகம்தான். போன கிழமையும் ஆமிக்காரரின் சுற்றிவளைப்பு. அத்தானைக் கொண்டுபோய்ப் பின்னேரம் விட்டுவிட்டார்கள்.

மறைக்காமல் எழுதச் சொல்லிக் கேட்டபடியால் எழுதுகிறேன். அம்மாவின் புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்தும் இல்லை, டொக்டரும் பாதி நாள் இல்லை. அம்மா கால் நோவைச் சொல்வதில்லை, உன்னைத்தான் சொல்கிறா. "எனக்கு ஒண்ணும் வேணாம் மனே, என்ட மகன்ட முகத்த ஒருக்காப் பாத்தாக் காணும்" என்று விடியவும் சொல்கிறா, விளக்கு வைக்கவும் சொல்கிறா.

இனி நான் கேட்பதை ஆறுதலாக வாசி. ஏற்றுக்கொண்டவர்களுக்குப் பயணப் பத்திரம் ஒன்று கொடுப்பார்கள், அதில் இலங்கை தவிர மற்ற நாடுகளுக்குப் போகலாம் என்று அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்யும் ஒருவர் அத்தானுக்குச் சொல்லியிருக்கிறார். இங்கே நீ வர வேண்டாம். வந்தால் விமானத்தால் இறங்கிய இடத்திலேயே தூக்கிவிடுவார்கள். அம்மாவை நாங்கள் திருச்சிக்குக் கொண்டுவருகிறோம். அங்கே நல்ல டொக்டருக்கும் காட்டலாம். நீ அங்கே வர முடியுமா? நாலு நாள் போதும்.

உன் பதில் வந்த பிறகுதான் அம்மாவுக்குச் சொல்வேன். கெதியாக எழுது.

அன்புள்ள அக்கா

•

மொன்ட்ரியால்
26.4.1986

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் வேண்டுகிறேன்.

அத்தானுக்குச் சொன்னவர் பிழையாகச் சொல்லிவிட்டார். ஏற்றுக்கொண்டாலும் இந்த நாட்டை விட்டு வெளியே போக இப்போதைக்கு விடமாட்டார்கள். சட்டம் அப்படி. அடுத்த வருடம் பார்க்கலாம். அம்மாவைத் திருச்சிக்கு அலைக்க வேண்டாம், அலைந்தால் புண் கூடும். அடுத்த வருடம் கட்டாயம் வருவேன் என்று சொல்லுங்கள்.

வேறு புதினம் ஒன்றும் இல்லை. கடையில் வேலை கூட. கடிதம் பிந்தினால் யோசிக்க வேண்டாம்.

சிவா

•

கல்லடி
19.5.1986

தம்பி சிவாவுக்கு,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. அன்றைக்கே அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

அம்மாவுக்கு இப்போது நோவு இல்லை. நீ அம்மாவைப் பற்றி யோசிக்காதே. உனக்கு அங்கே எவ்வளவோ வேலை இருக்கும். இங்கே ஆட்கள் வந்து போகிறார்கள், எழுத நேரம் இல்லை.

எங்கே நின்றாலும் சுகமாக இரு.

புஷ்பவதி

•

ஏதென்ஸ்
21.5.1986

அன்புத் தங்கச்சி அஞ்சலீனாவுக்கு,

நானும் கிழவரும் சுகமாக வந்து சேர்ந்தோம். நீயும் சூசைப்பிள்ளையும் சுகம்தானே? என் தபால் பெட்டியைப் பார்த்துக்கொள். அக்காவின் கடிதம் வந்தால் எடுத்து வை.

போன சனிக்கிழமை புறப்படும்போது அவசரத்தில் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நான் இங்கே வந்ததை உன் அம்மாவுக்கு எழுதாதே. அக்காவுக்குத் தெரியக் கூடாது. காரணத்தை உன்னிடமாவது சொல்லிவிடுகிறேன். அக்கா என்னைத் திருச்சிக்கு வரச் சொல்லிக் கேட்டா. அம்மாவை அங்கே கொண்டுவருகிறாவாம். நான் முடியாது, சட்டம் விடாது என்று எழுதிப்போட்டேன். பயணப் பத்திரம் அப்போது மேசை லாச்சிக்குள் கிடந்தது, நான் அப்படி எழுதினேன்.

நடந்தது இதுதான். அக்காவின் கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, நிக்கோவிடம் லீவு கேட்க ஒரு கிழமையாக வாயைத் திறந்து மூடினேன். நீ என்ன கனடாவுக்கு வந்தது உலாத்தவா என்று கேட்டுவிடுவானோ, வேலையை விட்டே நிறுத்திவிடுவானோ என்று பயம். அப்போது அவனே வந்து நின்றான். தேவாலயத்துச் சங்கம் முதியவர்களைக் கிரேக்கத்துக்குச் சுற்றுலா கொண்டுபோகிறதாம், அப்பாவைத் தூக்கி இறக்க ஆள் வேண்டும், நீ போ, செலவு என்னுடையது, சம்பளமும் உண்டு என்றான். எனக்கு வாய் திறக்கவில்லை, தலைதான் தானாக ஆடியது. அதற்குப் பிறகு எப்படித் திருச்சிக்கு லீவு கேட்பது?

நேற்று அக்ரோபொலிஸ் என்ற மலைக்குப் போனோம். உச்சியில் பெரிய கோவில், பார்த்தெனன் என்று பெயர். கூரை இல்லை, சாமி இல்லை, டிக்கெட் மட்டும் உண்டு. வழிகாட்டி எலேனி என்ற பெண் ஒரு குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் போகிறாள், நாங்கள் பின்னால். இந்தக் கல் முந்தி தூண், அந்தக் கல் முந்தி சுவர் என்று சொல்லிக்கொண்டே போகிறாள். படியில் சக்கர நாற்காலி ஏறாது. கிழவரை முதுகில் சுமந்துகொண்டு ஏறினேன். மேலே கொண்டுபோய் இறக்கியதும் அவர் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். இந்த நாட்டில் பிறந்தும் இதை இப்போதுதான் பார்க்கிறாராம். சின்ன வயதில் தோட்ட வேலை, பிறகு கப்பல், பிறகு கனடா. பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரும் என் முதுகில் தட்டி, பெற்ற மகன்கூட இப்படிச் செய்யமாட்டான் என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டு நிற்க முடியவில்லை, தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு விலகிவிட்டேன்.

இதை வாசித்ததும் கிழித்துப் போடு.

அண்ணன்,
சிவா

•

தெல்பி
30.5.1986

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம் என்றுதான் எழுத வேண்டும். உடம்பு சுகம்.

கொரிந்து, மைசீனி, ஒலிம்பியா எல்லாம் பார்த்துவிட்டு இன்றைக்கு இந்த மலைக்கு வந்தோம். எலேனி சொன்ன கதையில் இது ஒன்றுதான் எனக்கு மனதில் ஏறியது. அந்தக் காலத்தில் தூர தேசத்தில் இருந்தெல்லாம் ஆட்கள் காணிக்கையோடு இங்கே வந்து, நடக்கப் போவதை அப்பொல்லோ சாமியிடம் கேட்பார்களாம். சாமி ஒரு பெண்ணில் உருவேறி வாக்குச் சொல்லுமாம். நம் ஊர் அம்மன் கோவில் கட்டுச் சொல்வது மாதிரித்தான். மற்றவர்கள் படம் எடுத்தார்கள். எனக்கு மயிர் சிலிர்த்துவிட்டது.

கிழவரை நிழலில் இருத்திவிட்டுத் திரும்பி வந்தேன். அந்த இடிந்த கோவிலின் வாசலில் சப்பாத்தைக் கழற்றினேன். கோவில் கோவில்தானே? கயிறு கட்டியிருந்தார்கள், அதைக் கடந்து உள்ளே போனேன். திருநீற்றுப் பையில் கற்பூரம் இருந்தது. ஒரு கல்லில் வைத்துக் கொளுத்திக் கும்பிட்டு, என் அம்மா நான் வரும்வரைக்கும் இருப்பாவா என்று கேட்டேன். கோபப்படாதே, உன் மாதாவையும் சேர்த்துத்தான் கூப்பிட்டேன்.

விசில் சத்தம்தான் பதிலாக வந்தது. காவலர்கள் இரண்டு பேர் ஓடி வந்து கற்பூரத்தைச் சப்பாத்தால் மிதித்து அணைத்தார்கள். ஒருவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். பொலிஸ் என்ற சொல் மட்டும் விளங்கியது. பஸ் சனம் முழுவதும் சுற்றி நின்றது. நான் சப்பாத்து இல்லாமல் நிற்கிறேன், கால் மேசில் ஓட்டை வேறு. எலேனி ஓடி வந்து காவலர்களிடம் கெஞ்சினாள். என்ன சொன்னாள் என்று பிறகு ஒருவர் ஆங்கிலத்தில் சொன்னார்: "இவர் எங்கட ஆள் இல்லை, கிழவருக்குக் கக்கூஸ் கழுவ வந்தவர், ஒண்டும் தெரியாது, மன்னியுங்கோ." பொய் ஒன்றும் இல்லையே.

கிழவர் நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வந்து, அவர்களைத் திட்டி, என் சப்பாத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பஸ்ஸில் என்னிடம், யாருக்காகக் கும்பிட்டாய் என்று கேட்டார். வெயிலில் தலை சுற்றிவிட்டது என்று சொன்னேன். அம்மா என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். தாயைக் கிடக்கையில் போட்டுவிட்டு எனக்காக வந்தாயா என்று அவர் கேட்டால் நான் எங்கே போய் முகத்தை வைப்பது?

அடுத்த கிழமை வந்துவிடுவேன்.

அண்ணன்,
சிவா

•

மொன்ட்ரியால்
15.6.1986

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் கடிதம் கிடைத்தது. வேலை கூடியதால் உடனே எழுத முடியவில்லை.

அம்மாவுக்கு நோவு இல்லை என்று வாசித்ததும் கையெடுத்துக் கும்பிட்டேன். அம்மாவுக்காகத் தூரத்தில் ஒரு கோவிலில் கற்பூரம் கொளுத்தினேன், அது வீண் போகவில்லை. புண்ணைத் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே ஜான்-டலோன் சந்தையில் பாகற்காய் வந்திருக்கிறது, அம்மாவின் பாகற்காய்ப் பால்கறியை நினைத்தேன் என்று சொல்லுங்கள்.

அம்மாவிடம் இரண்டு வரி சொல்லச் சொல்லி அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

தம்பி

•

கல்லடி
12.7.1986

சிவாவுக்கு,

இந்தக் கடிதத்தில் சுகம் விசாரிக்க எனக்கு மனம் வரவில்லை.

அம்மா மே பதின்மூன்றாம் திகதி விடிய மோசம் போய்விட்டா. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்துவிட்டது. பெரியப்பாவின் மகன் அருமைராசா மொட்டை அடித்து, உன் இடத்தில் நின்று கொள்ளி வைத்தான்.

உன் ஏப்ரல் கடிதம் அதற்கு முதல் நாள்தான் வந்தது. அம்மாவுக்கு வாசித்தேன். சட்டம் விடாது என்ற இடத்தில் என் கையைப் பிடித்து நிற்பாட்டினா. "பாவம் என்ட பிள்ளை, அவன அங்க அடைச்சு வெச்சிருக்காங்கள் போல. தெரியாம வா வா எண்டு கரைச்சல் குடுத்துப் போட்டன் மனே. இனி அவனக் கூப்பிடாத" என்று சொன்னா. பிறகு கதைக்கவில்லை. உன்னைப் பார்க்காத துக்கத்தோடு போகவில்லை சிவா, உனக்காக இரக்கப்பட்டுக்கொண்டு போனா.

அடுத்த நாள் முற்றத்தில் கிடத்தியிருக்கிறோம். ஊரடங்குக்கு முன் எடுக்க வேண்டும் என்று ஆட்கள் அவசரப்படுகிறார்கள். மகனுக்குத் தந்தி அடித்தாயா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அவனை வெளியே விடமாட்டார்கள், அடித்தும் என்ன என்று நான் சொல்லிக்கொண்டு இருக்கிறேன். அந்த நேரம் அக்னெஸ் மாமி வந்தா. அஞ்சலீனாவின் கடிதம் வந்ததாம். மனுசி நல்ல மனதோடுதான், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னா: "தந்திய நாளைக்குள்ள அடி பிள்ளை. சனிக்கிழம அவர் கிரேக்க நாட்டுக்குச் சுற்றுலா போறாராம்."

வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்த சனம் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. அம்மாவின் தலைமாட்டில் இருந்துகொண்டு நான் கூனிக் குறுகிப் போனேன். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். ஊரார் தகப்பனைத் தூக்கிக்கொண்டு திரிந்தால் உன் தாய் தானே பிழைப்பா என்று நினைத்தாயா?

தந்தி அடிக்கவில்லை. அத்தான் தபால் கந்தோருக்குப் போக வெளிக்கிட்டார், நான்தான் மறித்தேன். மகளுக்கு இதை எழுதக் கூடாது என்று அக்னெஸ் மாமியிடம் சத்தியமும் வாங்கினேன். போகட்டும், பார்க்கட்டும், சிரிக்கட்டும் என்று நினைத்தேன். இப்போது நீ பாகற்காய்ப் பால்கறி என்று எழுதியிருக்கிறாய்.

புஷ்பவதி

•

மொன்ட்ரியால்
5.10.1986

அக்கா,

உங்கள் கடிதம் வந்து எத்தனையோ தடவை எழுதத் தொடங்கினேன். அன்புள்ள என்று எழுதியதும் பேனா நின்றுவிடும். எனக்கு அந்தச் சொல்லை எழுத உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

கேள்விப்பட்ட நாளிலிருந்து சாவுத் துடக்குக் காத்தேன். அஞ்சலீனா வேதக்காரியாக இருந்தும் வேறு சட்டியில் மரக்கறி சமைத்துத் தந்தாள். தான் எழுதியதால் வந்த வினை என்று அவள் அழ, அவளை நான் தேற்றினேன். அவள் உண்மையைத்தானே எழுதினாள்.

அக்கா, திருச்சிக்கு வர முடியாது என்று நான் எழுதியது பொய். பத்திரம் கையில் இருந்தது. முதலாளியிடம் லீவு கேட்கப் பயந்தேன். அவ்வளவுதான், இதற்கு மேல் காரணம் தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. கடலைத் தாண்டி, ஐந்து நாட்டுப் பொலிசுக்கு ஒளித்து வந்தவன், ஒரு கடைக்காரனிடம் வாய் திறக்கப் பயந்தேன்.

சிரிக்கட்டும் என்று எழுதியிருந்தீர்கள். சிரிக்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். கடற்கரையில் கிழவரோடு மீன் சாப்பிட்டுச் சிரித்திருக்கிறேன். படம் எடுத்தபோதும் சிரித்திருக்கிறேன். அம்மாவின் துடக்கோடு கோவில் கோவிலாக ஏறி, அம்மா இருப்பாவா என்று சாமியிடம் கேட்டிருக்கிறேன். இரவில் அல்ல, பட்டப்பகலில், பஸ்ஸில் போகும்போது, கோப்பை கழுவும்போது, அம்மா எனக்காக இரக்கப்பட்டா என்ற அந்த வரி வருகிறது. என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். செய்வேன்.

சிவானந்தம்

•

கல்லடி
8.11.1986

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சாப்பிடுகிறாயா? மெலிந்துவிட்டாய் என்று அக்னெஸ் மாமிக்குச் செய்தி வந்திருக்கிறது.

ஐயரிடம் கேட்டேன். கேள்விப்பட்ட பிறகுதான் துடக்கு, அறியாமல் போனதற்குக் குற்றம் இல்லை என்றார். குற்றம் அறிந்தவருக்குத்தான். அறிந்தவள் நான். புதன்கிழமை தந்தி அடித்திருந்தால் சனிக்கிழமை நீ விமானம் ஏறியிருக்கமாட்டாய். அங்கே ஒரு மூலையில் இருந்தென்றாலும் அம்மாவுக்காக அழுதிருப்பாய். அழுகிற உரிமையை உன்னிடமிருந்து கோபத்தில் பறித்துவிட்டேன். உன் பொய்க்கு நான் கொடுத்த தண்டனை அம்மாவுக்குப் பிடித்திருக்காது. அம்மாவின் படத்துக்கு விளக்கு வைக்கும்போது நான் முகத்தைப் பார்ப்பதில்லை.

ஊரில் கேட்பவர்களுக்கு, அது சுற்றுலா இல்லை, அவனுடைய வேலை, முதலாளி அனுப்பினால் போகத்தானே வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நம்புகிறார்களோ இல்லையோ, என் முன்னால் இப்போது கதைப்பதில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாய். மே மாதம் அம்மாவின் முதல் வருட ஆட்டைத் திவசம். நானும் அத்தானும் திருச்சிக்கு வருகிறோம். காவிரிக் கரையில் நீயே இருந்து செய். இந்த முறை வாய் திறந்து லீவு கேள்.

உன் அக்கா

•

மொன்ட்ரியால்
7.12.1986

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்கள் அன்பு என்று எழுதியபடியால் நானும் எழுதுகிறேன்.

மே மாதம் திருச்சிக்கு வருகிறேன். லீவு கிடைத்துவிட்டது. எப்படிக் கிடைத்தது என்று உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும், வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

நேற்று மத்தியானச் சனம் போன பிறகு நிக்கோவிடம் போனேன். ஏப்ரனைப் பிடித்துக்கொண்டேன். இந்தியாவுக்குப் போக வேண்டும், இரண்டு கிழமை லீவு வேண்டும் என்றேன். எதற்கு என்று வழக்கம் போலச் சத்தமாகக் கேட்டான். அம்மாவின் திவசம் என்றேன். அவன் வேலையை நிறுத்திவிட்டு, அம்மா எப்போது இறந்தா என்று கேட்டான். மே மாதம் என்றேன். வருத்தமாகக் கிடந்தாவா என்று கேட்டான். சீனி வியாதி, கால் புண், என்னைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே கிடந்தா என்றேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் அக்கா. எட்டு மாதமாக வராத வாய் நேற்று வந்தது.

கொஸ்தாஸ் கிழவர் நாற்காலியில் இருந்து கேட்டுக்கொண்டு இருந்தார். தலையைக் குனிந்துகொண்டார். நிக்கோதான் சொன்னான்: "உன்ட அம்மா கிடக்கிறா எண்டு அப்பவே ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் உன்னைத்தானே முதல் அனுப்பியிருப்பன். இவர் ஊரைப் பாக்க முப்பது வருசம் பொறுத்தவர், இன்னொரு வருசம் பொறுத்திருக்கமாட்டாரா?"

அவன் என்னை ஏசவில்லை அக்கா. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டான். நான் திரும்பிப் போய், மிச்சம் இருந்த கோப்பைகளைக் கழுவினேன்.

தம்பி,
சிவா